காயத்ரி டீச்சரின் இலவசப் பாடங்கள்

கடலூர் முதுநகர்,
18.9.2011

மதிப்பிற்குரிய கார்த்திகேசன் அவர்களுக்கு,

வணக்கம். நான் அன்புமணி, உங்கள் தங்கை காயத்ரியின் கணவன். மச்சான் என்று எழுதத்தான் கை போனது. ஆறு வருஷமாக நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாதபோது அது அதிகப்படி என்று பட்டதால் பெயரைச் சொல்லி எழுதுகிறேன். உங்கள் சிங்கப்பூர் முகவரியை உங்களோடு படித்த உத்திராபதியிடம் வாங்கினேன். அவர் மேல் வருத்தப்பட வேண்டாம், விடாமல் கேட்டது நான்தான். இந்தக் கடிதம் எழுதுவது காயத்ரிக்குத் தெரியாது.

அவள் சுகமாக இருக்கிறாள். எனக்குச் சிப்காட்டில் அதே கம்பெனியில்தான் ஷிப்ட் வேலை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கிறோம். பெண்ணாடத்தில் உங்கள் அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்ததாகக் கேள்விப்பட்டோம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். நான் எந்தத் தெருவில் பிறந்தேன் என்பதை என்னால் மாற்ற முடியாது. அதைப் பற்றி வாதம் செய்ய இப்போது உட்காரவும் இல்லை.

உங்கள் தங்கை எப்படிப்பட்ட டீச்சராக ஆகியிருக்கிறாள் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போய் பி.எட். சேர்த்தது நீங்கள். வேண்டாம் என்று சொன்ன பெரியவர்களிடம் அவளுக்காகப் பேசியதும் நீங்கள்தான் என்று சொல்வாள். அதனால் இதை முதலில் கேட்கவேண்டியவர் நீங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள். துறைமுகத்திலும் மீன் மார்க்கெட்டிலும் வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இவள் சொல்வாள், அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒருநாள் பாதியில் நிறுத்தி, இப்போது நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “நான் செவுத்துக்குப் பாடம் நடத்திட்டு வரேங்க” என்றாள். சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, வேலையை விட்டுவிடலாமா என்றும் கேட்டாள்.

அப்போது அதே பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் ஜெயராணி டீச்சர்தான் வழி காட்டினார். “நெட்ல எல்லாம் ஃப்ரீயாவே கெடைக்குது காயத்ரி, போய்த்தான் பாரேன்” என்றாராம். சனிக்கிழமை மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற டீச்சர்கள், தாங்கள் நடத்திய பாடத்தை, பிள்ளைகள் கேட்ட கேள்வியை, எது சரிப்படவில்லை என்பதைக்கூட எழுதி வைத்திருந்தார்கள். சோதனைகளைப் படமாக ஓடவிட்டுக் காட்டும் பக்கங்களும் இருந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. இவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. “காசு வாங்காம எதுக்குங்க இதையெல்லாம் ஒக்காந்து போட்டு வச்சிருக்காங்க” என்று என்னைக் கேட்டாள்.

பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தலைமையாசிரியர் ராமாமிர்தம் சார் அறையில், துணி போர்த்தி, கெட்டுப்போய்விடும் என்று யாரும் தொடாமல் இருந்தது. கெஞ்சிக் கேட்டு ஒரு பீரியடுக்கு வாங்கினாள். அறுபது பிள்ளைகளும் ஒரே திரையைச் சுற்றி நின்றால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவர் தலைதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது. சார், “இதுக்குத்தான் சொன்னேன், புஸ்தகத்தை நடத்துங்கம்மா” என்று கதவைப் பூட்டிவிட்டார்.

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் மஞ்சக்குப்பம் கிளம்பினாள். படத்தை ஓடவிட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த டீச்சர்கள் கீழே எழுதியிருந்ததை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். அவர்களில் பலர் படத்தை முதலில் காட்டுவதில்லை. என்ன நடக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டு, ஆளுக்கொரு கட்சி சேரவிட்டு, அதற்குப் பிறகுதான் காட்டுகிறார்கள். தான் திரும்பத் திரும்பப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், விஷயம் அதற்கு முன்னால் கேட்கிற கேள்வியில் இருந்திருக்கிறது என்றும் சொன்னாள்.

அந்த வாரம் வகுப்பில் கேட்டாள்: பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் ஒரே உயரத்திலிருந்து விட்டால் எது முதலில் கீழே வரும்? முக்கால்வாசிப் பேர் பெரிய கல் கட்சி. சண்டையே வந்துவிட்டது. பிறகு சாரிடம் மறுபடியும் கேட்டு, ஆறு ஆறு பேராகக் கூட்டிப்போய்ப் படத்தைக் காட்டினாள். இரண்டும் ஒன்றாக விழுகிறது. கடைசி பெஞ்சில் ரேகா என்று ஒரு பெண். அதுவரை வாயைத் திறந்ததே இல்லை. எல்லோரும் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பியதும் அவள் எழுந்து, “படத்துல நீங்க எப்புடி வேணா காட்டுவீங்க டீச்சர். நெஜத்துல போட்டுப் பாத்தாதான் நான் நம்புவேன்” என்று சொல்லிவிட்டாள்.

வேறு யாராவது இருந்தால், என்ன திமிர் என்று உட்கார வைத்திருப்பார்கள். உங்கள் தங்கை, வா என்று எல்லோரையும் மாடிக்குக் கூட்டிப் போனாள். கீழே ஆள் நிறுத்தி இடத்தை ஒதுக்கி, ரேகா கையிலேயே இரண்டு கல்லையும் கொடுத்தாள். இரண்டும் விழுந்த சத்தம் ஒன்றாகத்தான் கேட்டதாம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ராமாமிர்தம் சார் வெளியே வந்துவிட்டார். காயத்ரி பயந்துபோய் நிற்கிறாள். அவர் அண்ணாந்து பார்த்து, “இன்னொரு தரம் போடச் சொல்லுங்க, நான் சரியா பாக்கல” என்றிருக்கிறார். மறுநாள் கம்ப்யூட்டர் இருக்கிற அவர் அறையின் சாவி ஒன்று இவள் கைக்கு வந்தது.

இதோடு நின்றிருந்தாலே எனக்குப் பெருமைதான். அவள் நிற்கவில்லை. அந்தப் பக்கங்களில் நம் பாடத்திட்டத்துக்கு ஏற்றது குறைவு, தமிழில் அதைவிடக் குறைவு. “வாங்கிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கு, நாமளும் குடுக்க வேணாமா” என்று தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் பிரவுசிங் சென்டரில் நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதி வைத்ததை வாசிப்பேன், அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவாள். இப்போது வேகமாக வருகிறது. கல் பாடம், காந்தப் பாடம், உப்புக் கரைசல் என்று நிறைய ஏற்றியிருக்கிறாள். யாரும் எடுத்து நடத்தலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று மேலேயே போட்டிருக்கிறாள். கீழே ‘க. காயத்ரி, கடலூர் முதுநகர்’ என்று இருக்கும். இனிஷியலை அவள் மாற்றவில்லை, நானும் மாற்றச் சொல்லவில்லை.

போன மாதம் சிதம்பரத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் எழுந்து, தன் வகுப்பில் இரண்டு கல்லைப் போட்டுக் காட்டியதை விவரமாகச் சொல்லியிருக்கிறார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, “யாரோ ஒரு டீச்சர் நெட்ல போட்டிருந்தாங்க, பேரு ஞாபகம் இல்ல” என்றாராம். அவருக்குப் பின்வரிசையில்தான் காயத்ரி உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறக்கவில்லை. நீ சொல்ல வேண்டியதுதானே என்று நான் கோபித்துக்கொண்டேன். “அவங்க என்னைவிட நல்லா நடத்தியிருக்காங்க. அதுக்குத்தான போட்டேன்” என்றாள். ஒரு ஃபேன் ரிப்பேர் பார்த்தாலே தெருவெல்லாம் சொல்கிற ஆள் நான். இவள் மனசு எனக்கு வராது.

இனி இன்னொரு விஷயம். அவளுடைய பாடங்களுக்குக் கீழே படிப்பவர்கள் கருத்து எழுத இடம் உண்டு. போன வருஷத்திலிருந்து ஒருவர் பெயர் போடாமல் எழுதிவந்தார். முதலில் ஒரு கணக்கில் அலகு தப்பாக இருந்ததைச் சொன்னார். பிறகு இதைவிட நல்ல படம் இந்த இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று வழி சொன்னார். குறை சொல்லும்போதும் மனம் நோகாமல் எழுதுகிறவர். காயத்ரி அவர் சொன்னதை எல்லாம் அன்றைக்கே திருத்துவாள்.

ஜூன் மாதம் ஒலியின் வேகம் பற்றி ஒரு பாடம் போட்டாள். மின்னல், இடி என்று எல்லாரும் சொல்கிற உதாரணம்தான். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தார்: ‘பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைச் சங்கு ஊதும்போது தூரத்தில் நின்று பார்த்தால் முதலில் ஆவி தெரியும், பிறகுதான் சத்தம் வரும். அதைச் சொல்லுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.’

சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பிச் சொன்னாள். கரும்பு வெட்டு நடக்கும்போது அண்ணனும் அவளும் வரப்பில் நின்று, ஆவி தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்களாம், சத்தம் வரும்வரைக்கும். “அண்ணன்தாங்க கண்டுபுடிச்சுச்சு அத” என்றாள்.

பிறகு பதில் எழுத ஆரம்பித்தாள். ‘அண்’ என்று அடித்தாள். அதை அழித்துவிட்டு, ‘நன்றி ஐயா, சேர்த்துக்கொள்கிறேன்’ என்று அடித்து அனுப்பினாள். பக்கத்தில் இருந்த நான் ஒன்றும் பார்க்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த வாரமே பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனாள். அக்கரையில் படகு கட்டுகிறவர் சுத்தியால் அடிப்பது முதலில் தெரிகிறது, சத்தம் பின்னால் வருகிறது. ஆலைச் சங்கையும் படகுக்காரர் சுத்தியையும் சேர்த்துப் பாடத்தைப் புதிதாக எழுதினாள். அவள் எழுதியதிலேயே நல்ல பாடம் அதுதான் என்று ஜெயராணி டீச்சர் சொல்கிறார்.

அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்ததும் காயத்ரி முதலில் திறந்து பார்ப்பது அந்த இடத்தைத்தான். வேறு யாராவது பாராட்டி எழுதியிருப்பார்கள். படித்துவிட்டு, சரி, அடுத்த பாடத்தை வாசிங்க என்பாள். ஐயா என்று போட்டதில் அவருக்கு மனக்கஷ்டமோ, இல்லை, யார் என்று தெரிந்துவிட்டது என்று ஒதுங்கிவிட்டாரோ, எனக்குத் தெரியவில்லை.

அவர் யார் என்று நான் உங்களைக் கேட்கவில்லை. அந்தச் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பக்கத்தின் முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உங்களிடம் முன்பே இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

நீங்களும் உங்கள் குடும்பமும் அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைக்காத நாள் இல்லை. நீங்கள் போன் பேச வேண்டாம், பெயரும் போட வேண்டாம், ஊருக்கு வந்தால் எங்கள் வாசலுக்கு வரவும் வேண்டாம். அவள் பாடத்தில் தப்பு இருந்தால் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். தப்பே இல்லாவிட்டாலும் தயவுசெய்து ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்,
அன்புமணி