முள் ஒரு கோடு ஏறியது

வில்பட்டி ரோடு, கொடைக்கானல்
12.11.2006

அன்பு மகள் சுதாராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் தம்பி சுரேந்திரனும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை, துவைத்த துணி காயவில்லை, அம்மா வளர்த்த கோழி இரண்டும் நம் வீட்டில் அடையாமல் கெஸ்ட் ஹவுஸ் கார் ஷெட்டில் போய் நிற்கின்றன. தம்பி வத்தலக்குண்டிலிருந்து வந்து இரண்டு நாள் சமைத்தான், சாம்பாரில் உப்பைத் தவிர எல்லாம் இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். நீ ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, தலைவலி அதனால்தான் வருகிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சார்ஜ் இல்லாத காரைக் கொண்டுவந்து கொடுத்து அம்மாவைக் கொன்றவன் கை விளங்காமல் போகட்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீ கேட்டபடி அந்தப் பொன்னுவேலைக் கார் கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை நம் கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் இராமலிங்கம் சார் முன்னால் விசாரணை. அதற்கு முன்பு உனக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொல்லத்தான் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் பழைய பொய்யே வாயில் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

கெஸ்ட் ஹவுஸுக்கு வாங்கிய அந்தக் கரண்ட் கார் லாரியில் வந்து இறங்கியது சனிக்கிழமை காலையில். பொன்னுவேல் பாலசமுத்திரத்துப் பிள்ளை, டிரைவர் என்பதால் எனக்குப் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தான். சார்ஜ் காட்டும் முள் பாதிக்கும் கீழே நின்றது. புது வண்டி இப்படித்தாண்ணே வரும், மொதல்ல எட்டு மணி நேரம் பிளக்குல போட்டு முள்ளு உச்சிக்கு வந்தப்புறந்தான் ரோட்டுல எறக்கணும், மேடு ஏறுறப்ப வெரசா எறங்கிரும் என்று இரண்டு தடவை சொன்னான். தாளிலும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையும் என்னிடமே கொடுத்தான். நான்தான் கேட்கவில்லை. மந்திரிக்காத வண்டிக்கு முதல் முதலாகக் கரண்ட் ஏற்றக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம், சிலோன் தோட்டத்தில் புது லாரி வந்தால் சாமியார் தீர்த்தம் தெளிக்கும்வரை அதில் ஒரு கூடை கொழுந்துகூட ஏற்ற மாட்டோம். சாமியார் வண்டி மந்திரிப்பது ஞாயிறு பூசை முடிந்துதான். அதனால் சனிக்கிழமை முழுக்கச் சும்மா நின்றது, மறுநாள் இருந்த சார்ஜோடு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சலேத் மாதா கோயிலுக்கு ஏறினேன். முள் நன்றாகவே இறங்கிவிட்டது. மந்திரித்துவிட்டு வில்பட்டிப் பக்கம் இறக்கத்தில் வரும்போது முள் ஒரு கோடு ஏறியது சுதா. இறக்கத்தில் சக்கரம் சுற்றுவதிலேயே கொஞ்சம் சார்ஜ் ஏறும் என்று இப்போதுதான் சொல்கிறார்கள், அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள். பார்த்தியா ராக்கு, மாதாவே ஏத்துறா என்று உன் அம்மாவிடம் காட்டினேன், அவளும் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தத் தெம்பில் ஷெட்டில் விட்டுவிட்டு பிளக்கில் போடாமல் சாப்பிடப் போனேன்.

அன்றைக்கே மூன்று மணிக்கு அவளுக்கு நெஞ்சை அடைத்தது. ஜீப் கெஸ்ட்டுகளை அழைக்க கொடைரோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது, இந்தக் கார்தான் இருந்தது, அதிலேயே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். மேட்டில் பாதி தூரம் ஏறியதும் ஏங்க அந்த முள்ளு எறங்குதே என்றாள். பேசாமல் வா என்று அதட்டினேன், அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். டவுனுக்கு இரண்டு வளைவு இருக்கும்போது பனிமூட்டத்துக்குள் வண்டி நின்றுபோனது. மந்திரிச்ச வண்டிதானங்க, போகும் என்றாள். ஜீப்பாக இருந்தால் என்ஜின் சத்தம் இருக்கும், இதில் ஒரு சத்தமும் இல்லை, அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கேரட் லாரி ஒன்று வர இருபது நிமிஷம் ஆனது, அதற்குள் அந்த மூச்சும் கேட்கவில்லை.

அடக்கத்துக்குப் பொன்னுவேலும் வந்தான். சார்ஜ் இல்லாத வண்டியை ஏன் கொடுத்தாய் என்று மேனேஜர் சத்தம் போட்டார், சொன்னேனே சார், அண்ணனுக்குத் தெரியும் என்று அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். அன்றைக்கு வாய் திறக்காமலே நான் சொன்ன பொய்தான் ஊரெல்லாம் சுற்றி உன்னிடமும் வந்து சேர்ந்தது. இப்போது அந்தக் காரை யாரும் எடுப்பதில்லை, நான்தான் தினமும் காலையில் பிளக்கில் போடுகிறேன், முள் உச்சியில்தான் நிற்கிறது. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்து சீட்டில் மூச்சு கேட்கிறது, முள் கீழே இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிகிறது, இறங்கி வந்து மறுபடி போய்ப் பார்க்கிறேன். மூளை கலங்கிவிட்டது என்று தோட்டக்காரர் வேலுமணி சொல்கிறார். கலங்கவில்லை, எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை தாளை மேனேஜர் கையில் கொடுத்துவிடுவேன். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். நான் பாவியாகிப் போனாலும் போகட்டும், அந்தப் பிள்ளை மேல் நீ விட்ட சாபத்தை மட்டும் திருப்பி எடுத்துக்கொள் அம்மா. என் மேல் கோபம் இருக்கும், இருக்கட்டும், உன் வீட்டுக்காரரிடம் அதைக் காட்டாதே.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாற்றட்டும். டிசம்பர் முதல் தேதி அம்மாவுக்குப் பூசை, அங்கே கோயில் இருந்தால் ஒரு மெழுகுதிரி ஏற்று. அந்தத் தாளின் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். அதன் அடியில் இருக்கிற கையெழுத்தும் இங்கே கீழே இருப்பதும் ஒரே கைதான், பார்த்துக்கொள்.

அப்பா,
சூ. சூசைமுத்து