கமாண்டர் வீட்டுச் சாயத்தண்ணி

9 ஆகஸ்ட் 1999
தேயிலைக் கொழுந்துக்கு விலை இல்லை என்று ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். வேலை போன என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறார். நான் வெலிங்டனில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கே ராணுவக் கல்லூரியில் படிக்க வந்திருக்கும் இலங்கை நேவி அதிகாரி வீடு. கமாண்டர் அபேகோன். சிங்களவர்.

“ஏன்டி பாலாமணி, வேற வூடே கெடைக்கலியா? நம்ம சனங்களச் சுடுறவனுக்கு சோறாக்கப் போறியே!”

வீட்டுக்காரர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்து அடுப்பெரிக்க முடியுமா?

23 ஆகஸ்ட்
கமாண்டர் பால் இல்லாத டீ கேட்டார். எங்கள் பேச்சில் அது சாயத்தண்ணி. இலங்கை வழக்கப்படி சீனி போடாமல், கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு தனியாக வைத்தேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார்.

சொன்னேன். ஹட்டன் பக்கம், நரிப்பாறைத் தோட்டம். தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் என்று, இருபது வயதில் கப்பலேற்றி இங்கே அனுப்பினார்கள். அக்கா தெய்வம்மா அங்கேயே நின்றுவிட்டாள். தோட்டத்துக்குச் சாமான் கொடுக்கும் ஹட்டன் கடைக்காரர் பேருக்குத்தான் கடிதம் போடுவேன். 83 கலவரத்தில் கடையை எரித்தார்கள். அதோடு சரி. அக்கா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது.

அவர் அக்கா பேரை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

5 செப்டம்பர்
வேலைக்குப் போகும்போது வாயில் பாட்டு வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

12 அக்டோபர்
மேப்பை விரித்துத் தேடினார். நரிப்பாறை இல்லை. எப்படி இருக்கும்? அது நாங்கள் வைத்த பேர். வெள்ளைக்காரத் துரை வைத்தது வேறு. லயத்து வரிசை வீடுகளில் யாருக்குத் தெரியும்? கொழுந்து பறித்த தோட்டத்தின் பேர் தெரியாத மண்டு நான்! அழுதுவிட்டேன்.

“அழவேணாம். நான் போய்க் கேக்கிறேன்” என்றார். யாரிடம் கேட்பார்?

2000, சித்திரைப் பிறப்பு
சிங்களவர்களுக்கும் இன்றுதான் வருஷப் பிறப்பு. பாற்சோறு அவரே கிண்டினார், அடிப்பிடித்தது. அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார். தோட்டத்துப் பேரைச் சொல்லிக் கொடுத்தேன். “நரிப்பாரே” என்கிறார். எத்தனை தரம் திருத்தினாலும் அதேதான். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

அங்கே சண்டை மும்முரமாம். இவர் யாரையும் சுடக் கூடாது, இவரையும் யாரும் சுடக் கூடாது. நடக்கிற காரியமா? ஆனாலும் மாரியம்மனிடம் கேட்டு வைத்தேன்.

18 ஜூன்
தெருமுனை மோசஸ் டீக்கடைக்கு போன் வந்தது. அந்த நம்பரைத்தான் கமாண்டரிடம் கொடுத்திருந்தேன்.
“பாலா... நாந்தான், அக்கா.”

கமாண்டர்தான் தேடிப் போயிருக்கிறார். சாதாரணச் சட்டையில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று, “நரிப்பாரே போகுமா?” என்று தமிழ்க் கண்டக்டரைக் கேட்டிருக்கிறார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே ஏற்றிவிட்டாராம். அக்காவின் லயத்து வாசலில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தாராம். இவ்வளவுதானா! இதற்கா மேப்பில் தேடினோம்?

வீட்டுக்காரர் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

3 நவம்பர்
அக்கா போன் பண்ணினாள். கடல்ல சண்டையாம். கமாண்டர் கப்பலோட மூழ்கிப் போயிட்டாராம். பேப்பர்ல படம் போட்டிருக்காம். ஐயோ, நல்ல மனுஷனாச்சே. அவர் சுட்டவங்க வூட்லயும் இப்படித்தானே அழுதிருப்பாங்க? அப்ப நான் யாருக்காக அழுறது? — அவருக்காகத்தான் அழுறேன். பொய் சொல்ல முடியல.

2001, சித்திரைப் பிறப்பு
அக்கா வந்திருக்கிறாள். லயத்துக் கதை முடிகிறபாடில்லை. வீடு கலகலவென்று இருக்கிறது. கொழுந்து விலை ஏறவே இல்லை, இருக்கட்டும். அன்று லயத்துக்குப் போனபோது கமாண்டர் எனக்கென்று கொடுத்து வைத்த கருப்பட்டியைப் பொட்டலம் பிரிக்காமல் கொண்டுவந்திருக்கிறாள்.

மத்தியானம் அப்பா அம்மாவுக்குப் படையல் போட்டோம். குழம்பு எடுத்து வரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இலைக்குப் பக்கத்தில் மோசஸ் கடை டம்ளரில் சாயத்தண்ணி, ஒரு துண்டு கருப்பட்டி. நான் வைக்கவில்லை. அக்கா என்னோடு அடுப்படியில்தான் இருந்தாள்.

“என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஆறிப் போகுதில்ல, சூடத்தக் காட்டு” என்றார் வீட்டுக்காரர்.