அலுகு என்றால் என்ன, அக்கா?

அக்டோபர் 20, ஞாயிறு

ரெஸ்க்யூ போன் என் கையை விட்டுப் போனது. தெலுங்கு பேசுகிற இந்தப் புத்தூர்ப் பக்கம் பாம்போ உடும்போ குரங்கோ ஊருக்குள் வந்தால் ஜனங்கள் அடிக்கிற போன். ஐந்து வருஷமாக என் கைப்பையில் கிடந்தது. எங்கள் குழுவை நடத்துகிற கமலக்கண்ணன் சார் நயமாகத்தான் சொன்னார்: "நீ காலேஜ்ல கிளாஸ் எடுக்கசொல்ல போன் அடிச்சுக்கினே கீதும்மா. பிரித்திகா புத்தூர்லயே கீது, ஸ்கூட்டி வெச்சிக்கீது."

பிரித்திகா திருத்தணிப் பெண். ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை, புத்தூரில் ரூம். குழுவில் சேர்ந்தது இந்தக் கோடையில்தான். தெலுங்கில் வாங்க, உட்காருங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானோ தெலுங்கு லெக்சரர். போன் யாருக்கு?

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன்.

அக்டோபர் 27

நல்ல பாம்பு பிடித்த போட்டோ போட்டிருக்கிறாள். குரூப் முழுக்க இதயம். யார் யார் போட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பார்த்ததற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 2

தினமும் இதே கூத்து. யாராவது தெலுங்கில் அடித்தால் உடனே எனக்கு அடிப்பாள். "அக்கா, ஒரு வார்த்தை… அவரு பேசிக்கினே போறாருக்கா, ஒண்ணும் புரியலை." அர்த்தம் நான் சொல்கிறேன். பெயர் அவளுக்கு.

இவர் கேட்டார்: "அந்தப் பொண்ணு நம்பிண்டு கேக்கறது. நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கே, வஸுமதி?"

கோயிலும் கைங்கரியமுமாக இருக்கிற மனிதருக்கு என்ன தெரியும்? வயிறு எரிகிறது. அவ்வளவுதான்.

நவம்பர் 12, செவ்வாய்

ஓயாத மழை. பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோது அடித்தாள். "அக்கா, ஒரு விவசாயி அடிச்சாரு. அலுகுன்னா என்ன?"

"ஏரிக் கலங்கல். தண்ணி வழியற இடம். அது நம்ம வேலை இல்லை. இரிகேஷன் ஆபீசுக்குச் சொல்லச் சொல்லு."

"ஏரிகிட்ட அலுகுன்னு சொன்னாருக்கா. ஆனா கோனெ சஞ்சின்னும் என்னமோ சொன்னாரே… அது கோணிதானே?"

"மணல் மூட்டையா இருக்கும். கலங்கலை அடைக்கறதுக்கு."

"சரிக்கா. நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

வைத்துவிட்டாள். நானும் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 14

எறும்புதின்னி.

ஏரிக்கரையில் நாய்கள் சூழ்ந்துகொண்டதை அந்த விவசாயி காப்பாற்றிக் கோணியில் கட்டி வைத்திருக்கிறார். நாங்கள் வந்து கொண்டுபோவோம் என்று இரண்டு நாள் காத்திருந்திருக்கிறார். பிரித்திகா சொன்னாளே என்று இரிகேஷன் ஆபீசுக்கும் அடித்திருக்கிறார். இன்று காலை பிரித்துப் பார்த்தால் சுருண்டபடியே செத்துக் கிடந்ததாம்.

தெலுங்கில் எறும்புதின்னிக்கும் அலுகு என்றுதான் பெயர். எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன் — ஒரு சொல், இரு பொருள்.

அன்று ஞாபகம் வரவில்லையா? கோணி என்று அவள் சொன்னபோது உள்ளே ஏதோ தட்டியது. தட்டத்தான் செய்தது. அவர் வேறு என்னடி சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் அவள் ஓடியிருப்பாள், தூக்கி வந்திருப்பாள், போட்டோ போட்டிருப்பாள்… ஐயோ, பெருமாளே.

நவம்பர் 17, ஞாயிறு

கமலக்கண்ணன் சார் வீட்டில் கூட்டம். "அவரு அலுகுன்னு தெளிவா சொல்லிக்கிறாரு. நீ யாரையாச்சும் கேட்டியாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்ல சார். நானா ஏதோ நெனச்சிக்கினேன். என் தப்புதான்."

ஆக, நான் கேட்காமல் விட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போயிற்று என்றால் — பார், இதிலும் அவள்தான் ஒசத்தி. சீ! நான் என்ன ஜென்மம்?

கிளம்பும்போது வாசலில் போனை என் கையில் வைத்தாள். "அர்த்தம் தெரிஞ்சவங்க கையிலயே இருக்கட்டுங்க்கா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

நவம்பர் 18

போன் கைப்பையில் இருக்கிறது. வேண்டியது கிடைத்துவிட்டது.

நவம்பர் 23

பிரித்திகா குரூப்பிலிருந்து விலகியிருக்கிறாள். ஷிப்ட் மாறிவிட்டதாம். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

நவம்பர் 26

முதல் அழைப்பு. வகுப்பைப் பாதியில் விட்டு வெளியே ஓடிப்போய் எடுத்தேன். ஒரு கிழவர், தெலுங்கில்: "பிரித்திகா மேடம் லேரா?"

அவள் இல்லை, எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள், என்ன வந்திருக்கிறது, எங்கே, எதில் வைத்திருக்கிறீர்கள் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை என்றார். ஏரிக்கரையில் அந்த அலுகைப் புதைத்த இடத்தில் ஒரு மரக்கன்று நட்டிருக்கிறாராம். அன்றைக்கு வந்து பார்த்துவிட்டு அந்த மேடம் அழுதுகொண்டே போனார்கள், அவர்களிடம் சொல்லத்தான் அடித்தேன் என்றார்.

சொல்லிவிடுகிறேன் என்றேன். நான் யார் என்று அவர் கேட்கவில்லை.