எடை சரியாகத்தான் இருந்தது

இன்று காலை ஒரு ரோல் துணியைத் திருப்பி அனுப்பினேன். வட்டமாக வெட்டித் தராசில் வைத்தால் எடை கச்சிதம். இரண்டு கட்டை விரலையும் ஊன்றி இழுத்தேன், இழை விட்டுக்கொண்டு வந்தது. வெயிட் சரியாக இருக்கும்போது ஏன் ரிஜெக்ட் என்று சூப்பர்வைசர் கேட்டார். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் பேச்சுதான் என் வாயில் வந்தது: "தராசு பாதிதானுங்க சொல்லும்." சொல்லிவிட்டுப் பாத்ரூம் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

பதினோரு வருஷம் இந்தப் பனியன் கம்பெனியில் ஒரே டேபிளில் எதிரெதிரே நின்று துணி பார்த்தோம். எடை போட்ட பிறகும் இழுத்துப் பார்க்காமல் நீ ஒரு ரோலைக்கூட விட்டதில்லை. அப்படிப்பட்டவள் உன் உடம்புக்கு மட்டும் தராசை நம்பினாய். நானும் நம்பினேன்.

மார்பிலிருந்த கட்டியை எடுத்துக் கீமோ ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு முறையும் உன்னை எடை மிஷினில் ஏற்றினார்கள். இரண்டு கிலோ கூடியிருக்கிறது என்று உன் வீட்டுக்காரர் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சந்தோஷப்பட்டார். புண்ணுக்கு ஆகாது என்று முட்டையையும் கறியையும் உன் மாமியார் நிறுத்தினார். பார்க்க வந்த நாங்களெல்லாம் பிஸ்கட்டாகக் கொண்டுவந்து குவித்தோம். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கிவந்த மகராசி வேறு யார், நான்தான். ஒரு குடம் தூக்க விடவில்லை, தெருமுனை வரை நடக்க விடவில்லை. முகம் பூசினாற்போல் ஆனது. "உடம்பு தேறிட்டே புள்ளெ" என்றேனே, அந்த வாயை என்ன செய்வது?

கையை ஊன்றாமல் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை என்று டாக்டரிடம் இரண்டு தடவை சொன்னாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, எடை நன்றாகத்தானே இருக்கிறது என்றார். உடம்பு தாங்கவில்லை என்று கீமோவைத் தள்ளித் தள்ளிப் போட்டார்களே, அப்போதாவது ஏன் என்று ஒருத்தர் யோசித்திருக்கக் கூடாதா?

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு பிசியோதெரபி அம்மாதான் உன் கையைப் பிடித்துப் பார்த்தார். கொழுப்பு ஏறியிருக்கிறது, தசை கரைந்திருக்கிறது, மிஷின் இரண்டையும் பிரித்துச் சொல்லாது என்றார். தசை போன உடம்பு மருந்தைத் தாங்கத் திணறும். ஆரம்பத்திலேயே முட்டையும் பருப்பும் நடையும் சின்னச் சின்னப் பயிற்சியும் இருந்திருக்க வேண்டுமாம். உன் நிலைமைக்கு அது மட்டுமே காரணம் என்று அவரும் சொல்லவில்லை. அதனால் என் கோபம் ஒன்றும் குறையவில்லை.

திரும்பி வரும்போது, பஸ் பல்லடம் தாண்டியதும் என் கையை எடுத்து உன் மேல்கையில் வைத்தாய். ரோலை அலாக்காகத் தூக்கிய கை. அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது.

"நாம தெனமும் பண்ற வேலைதான புள்ளெ. யாருமே இழுத்துப் பாக்கலியே" என்றாய். சிரிக்க வேறு செய்தாய்.

பேக்கிங்கில் இருக்கும் முத்துலட்சுமி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அதே ஆபரேஷன் முடிந்து, நடுவில் கீமோவுக்கும் போய்க்கொண்டே வேலைக்கு வருகிறாள். நல்லா உடம்பு வைத்திருக்கிறாள் என்று இன்று மத்தியானம் யாரோ சொன்னார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் டப்பாவிலிருந்த இரண்டு முட்டையையும் அவள் தட்டில் வைத்தேன். சாப்பிட்டதும் ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"கையை ஊணாம எந்திரி கண்ணு, பாப்போம்."

பாதி எழுந்தாள். கை டேபிளைத் தேடியது.

நாளை அவளோடு அதே டாக்டரிடம் நானும் போகிறேன். அவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.