சம்பத்துக்குக் கிடைத்த ஹரிபிரசாத் சார்

சித்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள சம்பத்துக்கு,

குணா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்பு தேறி வருகிறது என்று தங்கச்சி மனோரமா சொன்னாள். அந்தத் திருப்பதி ஆஸ்பத்திரியில் போன் தரமாட்டார்களாமே, அதனால்தான் இதை நாளைக்கு அங்கே வரும் உன் பெண்டாட்டி மனோரமா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் சூடு பிடித்துவிட்டது. உன் இடத்தில் சாந்திபுரத்து ஆள் ஒருத்தனைப் போட்டிருக்கிறார்கள். என்னோடு பேசவே மாட்டான். வேலை விட்டதும் ஒயின் ஷாப்புக்குத் தனியாகப் போய்த் தனியாக வருகிறேன்.

கம்பெனிக்கு வந்த டாக்டர் நம் இருவரையும் ஒன்றாகத்தானே உட்காரவைத்துக் கேட்டார்? குடியைக் குறைக்க நினைத்ததுண்டா, யாராவது சொன்னால் கோபம் வருகிறதா, காலையில் எழுந்ததுமே தேவைப்படுகிறதா என்று அவர் தெலுங்கில் கேட்கக் கேட்க, நீ எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாய். நான் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். வெளியே வந்து உன்னைப் பைத்தியக்காரன் என்று சிரித்தேன். "இனிமே முடியலடா குணா" என்றாய். அவ்வளவுதான், மறுநாள் குடியை விடத் திருப்பதிக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

இப்போது என் வீட்டில் உன் புராணம்தான். சம்பத் அண்ணன் மூஞ்சி தெளிஞ்சிருக்காம், நல்லா துன்னுதாம் என்று என் பெண்டாட்டி நளினி சொல்லிக்கினே இருக்கிறாள். என் தட்டில் சோறு அப்படியே கிடப்பதைப் பார்த்தபடி சொல்கிறாள். மனோரமா பூ வைத்துக்கொண்டு உன்னைப் பார்க்கக் கிளம்புவதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. வேறென்ன சொல்ல?

உன் நைனாவுக்குக் குடித்துவிட்டுக் கொள்ளி வைத்ததை அந்த ஆஸ்பத்திரிக் கவுன்சலர் ஹரிபிரசாத்திடம் சொல்லி அழுதாயாம். மனோரமா சொன்னாள். அன்றைக்கு உன்னைத் தோளில் தாங்கிச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனவன் நான். என்னிடம் ஒருநாளாவது அதைப் பேசினாயா? நேற்று வந்த ஆளுக்கு அத்தனை உரிமையா?

செவ்வாய்க்கிழமை கூழ் டின் ஒன்று என் கையிலிருந்து நழுவி விழுந்தது. கையுறை ஈரம் என்றேன். சூப்பர்வைசர் நம்பிவிட்டார். நீ இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

இந்த ஞாயிறு மனோரமா மறுபடி வரும்போது நானும் கூட வருகிறேன். உன்னைப் பார்த்துவிட்டு வருவதாக நளினியிடம் சொல்லியிருக்கிறேன். பையில் இரண்டு லுங்கி எடுத்து வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. பார்க்க வந்தவர்களெல்லாம் கிளம்புங்கள் என்று சாயங்காலம் சொல்வார்களாமே. என்னை மட்டும் கிளப்பவேண்டாம் என்று உன் ஹரிபிரசாத் சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன்
குணா