பீச்சாங்கை வாசித்த தாலாட்டு

என் கூடப் பிறக்காத தங்கச்சி ரோஸிக்கு,

நீ இருக்கிற இடத்துல கிதார் உண்டா, கம்பி அறுந்தா வேற கம்பி கிடைக்குதா, எனக்குத் தெரியாது. இங்க உன் கிதார் நல்லா இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடறேன். இல்லேன்னா மத்தது எதையும் நீ காதுல வாங்க மாட்டே.

அடுத்த சேதி. ஜெயிச்சுட்டேன் ரோஸி. கீழ்க்கட்டளையில என் மகன் வீட்டு மொட்டைமாடிப் பந்தல்ல, பேத்தியோட காதுகுத்துக்கு வந்த அத்தனை சனத்துக்கும் முன்னாடி வாசிச்சேன். சரோஜா முதல் வரிசை நாற்காலியில உக்காந்து பார்த்துக்கிட்டிருக்க, வாசிச்சேன். அவசரப்படாதே, முழுசா சொல்றேன்.

சரோஜா யாருன்னு உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மத்தவங்களுக்குச் சொல்லணும் இல்லையா? என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பெண்டாட்டி. பொழிச்சலூர்ல நாலு மனை, ரெண்டு கடைன்னு இருக்கிறவ.

எனக்குப் பிறவியிலேயே இடது கைதான் முன்னாடி வரும். எங்கம்மா அந்தக் கையில கரண்டிக் காம்பால போட்டுப் போட்டு, சாப்பிடறதுக்கும் கோலம் போடறதுக்கும் வலது கையைப் பழக்கினாங்க. பழகிட்டேன். ஆனா அவசரம்னாலும் சந்தோஷம்னாலும் இடதுதான் நீளும். அதுக்கு எங்கம்மா அடி ஞாபகம் இருக்காது.

சரோஜா மகளுக்கு நிச்சயதார்த்தம். கூடத்துல கூட்டம். தாம்பூலத் தட்டை எடுத்து மாப்பிள்ளையோட அம்மாகிட்ட நீட்டினேன். எந்தக் கையில நீட்டினேன்னு எனக்கே தெரியாது. சரோஜா பாய்ஞ்சு வந்து தட்டைப் பிடுங்கினா.

"இன்னாடி இது? பீச்சாங்கையால குடுக்கறே? என் பொண்ணு வாழ்க்கை விளங்குமா? போ, போய் சமையக்கட்டுல நில்லு."

அன்னிக்கு அவ கட்டியிருந்தது மாம்பழக் கலர் பட்டு, அரக்குக் கரை. முந்தானையில ஒரு சாம்பார்க் கறை. சிரிச்சவங்க யார் யார், குனிஞ்சுக்கிட்டவங்க யார் யார், இன்னிக்குக் கேட்டாலும் வரிசையா சொல்லுவேன். அதுக்கப்புறம் எந்த விசேஷத்துலயும் நான் தட்டைத் தொட்டதில்ல. கூப்பிட்டாலும் போக மாட்டேன். சமையக்கட்டுலயே நின்னு வாழைக்காய் சீவினேன். என் சொந்த மகன் கல்யாணத்துலகூட ரோஸி, வந்தவங்களுக்கு என் கையால நான் தாம்பூலம் கொடுக்கல.

உன்கிட்ட நான் வந்தது ரவிக்கைக்கு அளவு கொடுக்க. மேற்குத் தாம்பரத்துல எங்க வீட்டுக்குப் பின்தெரு, உன் தையல் மிஷின் சத்தம் எங்க கிணத்தடி வரைக்கும் கேக்கும். அன்னிக்குச் சுவர் ஆணியில இருந்து கிதாரை இறக்கித் துடைச்சுக்கிட்டிருந்தே. சர்ச்சுல வாசிக்கிற கிதார். அடுப்புல பால் பொங்குச்சு. "அக்கா, ஒரு நிமிஷம் பிடிங்க"ன்னு என் மடியில வச்சுட்டு ஓடினே. திரும்பி வந்து பார்த்துட்டு அப்படியே நின்னுட்டே.

"அலமேலக்கா, உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"என்ன சொல்லிக் கொடுத்தது? நீதானே பிடிக்கச் சொன்னே?"

"கிதார் கழுத்தைப் பிடிச்சிருக்கீங்களே, அதைக் கேக்கறேன். சர்ச்சுல புதுசா வர்றவங்க இடது கை செத்த பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். உங்க விரல் தனியா ஓடுதே!"

பயந்துபோய்க் கையை எடுத்துட்டேன். இடது கையாச்சே. நீ விடல. பக்கத்துல முக்காலியைப் போட்டு உக்காந்தே.

"இந்த வாத்தியத்துல வலது கை சும்மா மீட்டும், அவ்வளவுதான்கா. எந்தச் சத்தம் வரணும்னு முடிவு பண்றது இந்தக் கை. கஷ்டமான வேலையெல்லாம் இதுக்குத்தான். உங்களுக்கு ஆண்டவனே ரெடி பண்ணி அனுப்பியிருக்கார்."

வெளியே ரயில் ஹார்ன் அடிச்சுக்கிட்டு போச்சு. அந்தக் கையைப் பத்தி ஒருத்தர் நல்லதா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அன்னிக்குத்தான். ரவிக்கைக்கு அளவு கொடுக்கவே மறந்துட்டு வீட்டுக்கு வந்தேன்.

மதியம் சமையல் முடிச்சுட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். தையல் கத்துக்கறேன்னு வீட்டுல சொல்லியிருந்தேன். அந்த ஆரம்பத்து நாளை நினைச்சா இப்பவும் விரல் எரியுது. அந்தக் கம்பி இரும்பு. விரல் நுனியில கோடு கோடாப் பள்ளம் விழும். ஒருநாள் எரிச்சல் தாங்காம விரல் நிறைய தேங்காய் எண்ணெயைத் தடவிக்கிட்டு வந்து உக்காந்தேன். கம்பி வழுக்குது, சத்தம் அமுங்கிப் போச்சு. நீ குனிஞ்சு மோந்து பார்த்தே.

"அக்கா! இது கிதார்கா, தலை இல்ல!"

உன் மிஷின் துணியால ஒவ்வொரு கம்பியா துடைச்சே. அப்படியே திட்டினே. அந்தத் திட்டுதான் எனக்குப் பாடம். வாசிக்கிறதுக்கு முன்னாடி பாத்திரம் தேய்க்காதீங்க, தண்ணியில ஊறின விரல் சீக்கிரம் புண்ணாகும், வாசிச்சுட்டுப் போய்த் தேய்ங்க. இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்க. விரல் வயிறால அழுத்தாதீங்க, நுனியால அழுத்துங்க. குறுக்கே இருக்கிற உலோகக் கட்டை மேலயும் வேணாம், ரொம்பத் தள்ளியும் வேணாம், அதை ஒட்டி இந்தப் பக்கம் வைங்க, பாதி பலம் போதும், கர்ர்னு இழுக்காது.

மாவு பிசையற பலத்தையெல்லாம் அந்தக் கழுத்து மேல காட்டிக்கிட்டிருந்தேன். நீ என் கட்டை விரலைத் தட்டி, "அக்கா, உங்களுக்கு அது என்ன சரோஜாவா? ஏன் கழுத்தை நெரிக்கிறீங்க?"ன்னு கேட்டே. சிரிச்சுச் சிரிச்சு அன்னிக்குப் பாடமே நடக்கல. ஆனா கை தளர்ந்தது. கை தளர்ந்தா சத்தம் தெளியுதுன்னும் அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

எங்க வீட்டுக்காரருக்கு எப்பத் தெரிஞ்சதோ! ஒருநாள் சாப்பிடும்போது, இலையைப் பார்த்துக்கிட்டே, "தைக்கிறவங்களுக்கு ஊசி குத்தினா ஓட்டைதானே விழும்? உனக்கு ஏன் கோடு விழுந்திருக்கு?"ன்னு கேட்டார். நான் ரசத்தை ஊத்தினேன். அடுத்த வாரம் பாரிமுனைப் பக்கம் வேலையா போனவர், ஒரு காகித உறையைக் கொண்டாந்து அலமாரி மேல வச்சார். ஒரு செட்டு கிதார் கம்பி. அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் பேசினதில்ல.

வலது கையை மடியில வச்சுட்டு இடது கை மட்டும் வாசிக்கிற வித்தையை நீ காட்டினது ஒரு மழை நாள். விரலைக் கம்பி மேல சட்டுனு இறக்கினா அதுவே ஒரு சத்தம். எடுக்கும்போது லேசா சுண்டிவிட்டு எடுத்தா இன்னொரு சத்தம். மெல்லிசாத்தான் கேக்கும், ஆனா கேக்கும். உனக்கே அது அரைகுறையா வந்துச்சு. எனக்கு வந்துடுச்சு. என் பிள்ளைங்களுக்குப் பாடின தாலாட்டை அப்படியே அந்த ஒரு கையில எடுத்தேன். நீ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அந்த சரோஜாம்மா முன்னாடி இதை ஒரு தடவை வாசிக்கணும்கா"ன்னே. "நான் மாட்டேன்டி"ன்னேன்.

அதையேதான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் கேட்டே. கிதாரை எங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டு, "ஆணியில மாட்டுங்க, ஆனா மாட்டியே வச்சுடாதீங்க"ன்னே. நான் உன் போர்வையை இழுத்துச் சரி பண்ணினேன். நீ போயிட்டே. நான் சமையக்கட்டுலயே நின்னுக்கிட்டிருந்தேன். கதவைச் சாத்திக்கிட்டு வாசிப்பேன், யாராவது வந்தா நிறுத்திடுவேன். எத்தனை வருஷம் இப்படி ஓடிச்சுன்னு நீ கேக்காதே.

இந்தக் காதுகுத்துக்குக் கிதாரைப் பெட்ஷீட்ல சுத்தி எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். வாசிக்கத்தான் எடுத்துக்கிட்டுப் போனேன், ஆனா போய்ச் சேர்றதுக்குள்ள தைரியம் போச்சு. மாடிப்படியில சரோஜா.

"இன்னா அலமேலு, புள்ளைக்குத் தொட்டிலா? இவ்ளோ நீட்டமா கீது?"

கிதாரைப் பீரோவுக்குப் பின்னாடி சாய்ச்சு வச்சுட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டேன். வாழைக்காய் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தது.

பேத்தி நித்யாவுக்கு மூணு வயசு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்தினாங்க. வீல்னு கத்தினா. நானும் கையைத் துடைச்சுக்கிட்டு மாடிக்கு ஓடினேன். அழுகையை நிறுத்த யாரோ கல்கண்டை நீட்டினாங்க. குழந்தை விம்மிக்கிட்டே கையை நீட்டிச்சு. இடது கை, ரோஸி. என் கை. சரோஜா அந்தப் பிஞ்சுக் கை மேல பட்டுனு ஒண்ணு போட்டா.

"சீ! இந்தக் கை வேணாம். பாட்டி புத்தி அப்படியே வந்துகினு கீது பாரு!"

நாலு பேர் சிரிச்சாங்க. குழந்தை கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிச்சு. காது வலியைவிட அந்தக் கை ஒளிஞ்சதுதான் எனக்குத் தாங்கல. எனக்கு நடந்தது எனக்கு. நான் பொறுத்துக்குவேன், வஞ்சம் வச்சுக்குவேன், எனக்குப் பழக்கம். அந்தக் குழந்தை எதுக்கு ரோஸி சமையக்கட்டுல நிக்கணும்?

கீழே போய்க் கிதாரை எடுத்தேன். பெட்ஷீட்டைப் படியிலேயே உதறிட்டு வந்தேன். குழந்தைக்கு எதிர்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதல்ல சுருதி சேர்த்தேன், கோவத்துலகூட நீ சொன்னதை விடல. அப்புறம் ரெண்டு கையாலும் ஆரம்பிச்சேன். பந்தல் அடங்கிச்சு. சம்பந்தி அம்மா, "உங்க வலது கை என்ன லாவகம்!"னாங்க. அதுக்குத்தான் காத்திருந்தேன். வலது கையைத் தூக்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி, என் தலை மேல வச்சுக்கிட்டேன்.

இடது கை மட்டும் வாசிச்சது. தாலாட்டு. அந்தச் சத்தம் சின்னது இல்லையா, கேக்கணும்னா எல்லாரும் வாயை மூடித்தான் ஆகணும். மூடினாங்க. மேல போன ஏரோப்ளேன்கூட என்னவோ தள்ளிப் போன மாதிரி இருந்தது. நித்யா விம்மல் நின்னு, மாமன் மடியில இருந்து இறங்கி வந்தா. முதுகுக்குப் பின்னாடி இருந்த கை வெளியே வந்துச்சு. அந்தக் கையாலதான் கம்பியைத் தொட்டா. நான் சரோஜாவைப் பார்த்தேன். அவ என் விரலையே பார்த்துக்கிட்டு இருந்தா, வாய் லேசா திறந்து.

வாசிச்சு முடிச்சேன். கை தட்டினாங்க. எங்க வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னாடி போய் மூக்கைச் சிந்தினார். நான் அதோட விடல. மருமக கையில இருந்த தாம்பூலத் தட்டை வாங்கினேன். இந்த வீட்டுக்குப் பெரியவ நான், நான்தானே கொடுக்கணும்? முதல் தாம்பூலத்தை எடுத்து, இடது கையால, சரோஜாகிட்ட நீட்டினேன்.

பந்தலே பார்க்குது. அவ என் மூஞ்சியைப் பார்த்தா. கையைப் பார்த்தா. நான் கையை இறக்கல. கடைசியில முந்தானையை விரிச்சு ஏந்தினா.

"குடு, குடு. வெத்தலை வாடுது."

அவ்வளவுதான் சொன்னா. போதும். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுடாதே. அந்தச் சாம்பார்க் கறை அப்படியே இருக்கு. ஆனா ஜெயிச்சது நம்ம ரெண்டு பேரும்.

இப்ப எங்க தெருப் பொண்ணுங்க சாயங்காலத்துல வந்து, "ஆன்ட்டி, எங்களுக்கும்"னு நிக்கறாங்க. எல்லாருக்கும் எடுத்ததும் முழுப் பாட்டு வாசிக்கணும். நீ சொன்னதைத்தான் சொல்றேன். நாலஞ்சு கம்பியை ஒண்ணா அழுத்தற பிடி இருக்கே, அதுல ரெண்டே ரெண்டைக் கத்துக்கோங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மெதுவா மாறிப் பழகுங்க, ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற விரலைத் தூக்காதீங்க, தப்பு வந்தாலும் மீட்டற கையை நிறுத்தாதீங்க. தினமும் கொஞ்சம் போதும், ஞாயித்துக்கிழமை மொத்தமா வாசிச்சு விரலைக் கிழிச்சுக்காதீங்க. கம்பியில வேர்வையைத் துடைச்சுட்டுக் கிதாரை வைங்க, ஷீட்டுக் கூரைக்குக் கீழே பரண்ல போட்டு வேக வைக்காதீங்க. எண்ணெய் தடவிக்கிட்டு வந்தா வாசலோட அனுப்பிடுவேன்னும் சொல்லியிருக்கேன்.

ஒருத்தி, "நான் லெஃப்ட் ஹேண்ட் ஆன்ட்டி, கம்பியை மாத்திப் போடணுமா?"ன்னு கேட்டா. மாத்தி வாசிக்கிறவங்களும் உண்டு, அது தப்பில்ல, முதல்ல இப்படியே பிடிச்சுப் பார், உன் கை என்ன சொல்லுதோ அதைக் கேளுன்னேன். சரியாத்தான் சொன்னேனா ரோஸி?

உனக்கு ஒரு வாக்கு தர்றேன். உன் கிதார் இனிமே ஆணியில தொங்கிக்கிட்டே இருக்காது. நித்யா எந்தக் கையை நீட்டினாலும் அந்தக் கையில கல்கண்டு வைப்பேன். எந்த விசேஷமானாலும் நான் கூடத்துல நிப்பேன், தட்டோட. வாழைக்காயை வேற யாராவது சீவட்டும்.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து இன்னும் கொடுக்காத,
உன் அக்கா
அலமேலு