என் கம்பியா, அவர் வெள்ளியா

மார்ச் 3
இன்றும் மெல்லிய கம்பிகள் கைவிட்டன. தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது ஒவ்வொன்றும். ஒளி பாய்ச்சினால் தடித்தவை லேசராகப் பளிச்சிடுகின்றன. மெல்லியவை மங்கலாக ஒளிர்ந்து, சக்தியைக் கூட்டினால் கருகிப்போகின்றன. படிகமாகக் கம்பி வளர்ப்பது நான். அதன் அடியில் வெள்ளிப் படலம் பூசுவது என் வீட்டுக்காரர். ஒரே ஆய்வகம், ஒரே வீடு. தப்பிக்க இடமே இல்லை.

மார்ச் 4
பேராசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "மெல்லிசு சரிவரலைன்னா தடிச்ச கம்பியோட நிறுத்திக்கலாம். அதுக்கு அடியில கண்ணாடியே போதும், வெள்ளி வேண்டாம்."
வெள்ளி வேண்டாம் என்றால் அவர் வேண்டாம். வேறென்ன? இந்த மாதக் கடைசியில் அவர் வேலை ஒப்பந்தம் முடிகிறது.

மார்ச் 6
சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "உங்க வெள்ளி மேடுபள்ளமா இருக்குமோ?"
"ஆமா, உன் கம்பி மட்டும் பத்தரைமாத்துத் தங்கம்!" பாதித் தட்டோடு எழுந்து போனார்.
வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனா கேக்காம எப்படி —

மார்ச் 8
"அப்பாவும் நீயும் டூவா?" என்கிறாள் மகள்.

மார்ச் 11
அவரே என் மேசைக்கு வந்தார். "வா, ஒண்ணு காட்டறேன்."
வெள்ளியின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் எடுத்திருந்தார். குண்டும் குழியும்.
"தடிச்ச கம்பியில வெளிச்சம் உள்ளயே ஓடிடுது. மெல்லிசுல உள்ள இடம் பத்தாது, வெள்ளிய ஒட்டித்தான் ஓடணும். ஒவ்வொரு மேட்டுலயும் இடறுது. மெதுவாப் பூசினதால மணிமணியாக் கட்டியிருக்கு. வேகமாப் பூசிப் பார்க்கறேன்."
"நானும் கம்பிய ரொம்பத்தான் இளைக்க வெச்சுட்டேன். இவ்வளவு மெலிஞ்சா வெள்ளியே வெளிச்சத்த முழுங்கிடும். கொஞ்சம் சதை போடறேன்."
சிரித்தார். ஐந்து நாளுக்குப் பிறகு.

மார்ச் 19
புதுப் பூச்சில் மெல்லிய கம்பி லேசராக எரிந்தது! எரிந்தே விட்டது!
திரையில், ஒளியின் வரைபடத்தில் அகலமாகக் கிடந்த மேடு, சக்தி கூடக் கூட, ஊசியாக எழுந்து நின்றது. கருகவில்லை. அதே அளவுக் கம்பிகளைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம்: வெறும் மங்கல்தான். அப்படியானால் வெள்ளிதான், சந்தேகமே இல்லை.
"இன்னொரு தடவ," என்றார் அவர். பிறகும், "இன்னொரு தடவ." நாற்காலியை இறுகப் பிடித்திருந்தார்.
பேராசிரியை எட்டிப் பார்த்தார். "என்ன, கருகிடுச்சா?"
"இல்ல மேடம். நீங்களே வந்து பாருங்க."
பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

மார்ச் 27
இன்று அவருக்குப் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். இன்னும் இரண்டு வருடம்.
வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தார். விளக்கு வைக்கும் முன்பே குறட்டை. இந்த மாதம் முழுக்க இந்தச் சத்தமே வீட்டில் இல்லை — இப்போதுதான் உறைக்கிறது.
மகள் எழுப்பப் போனாள்.
"விடுடி, தூங்கட்டும்."